சேலை ஓரத்து மண்

சனிக்கிழமை சாயங்காலம் மாதா சுரூபத்துக்குச் சேலை மாற்றி, அது நிற்கும் குகைக்கோயிலான கெபியைப் பூட்டுவதும், ஞாயிறு பூசைக்கு முன்னால் திறப்பதும் சலேத்தக்காதான். திறந்தால் சேலை ஓரத்தில் ஈரமண் ஒட்டியிருக்கும். "ராத்திரி ஊரச் சுத்தி வந்திருக்கா தாயி" என்று பெண்கள் அதைப் பிள்ளைகளின் நெற்றியில் பூசுவார்கள். அவர்களில் பெர்னதத்து மட்டும் சலேத்தக்காவின் நகக்கண்ணையே பார்ப்பாள்.

இந்த வாரம் பெர்னதத்தே அடம்பிடித்துச் சேலை கட்டினாள், கெபியைப் பூட்டினாள், சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு படுத்தாள்.

காலையில் எல்லோர் முன்னாலும்தான் முடிச்சை அவிழ்த்துத் திறந்தாள். சேலை ஓரமெல்லாம் ஈரமண். "மரியே வாழ்க!" என்று பெண்கள் முழந்தாளிட்டார்கள்.

சலேத்தக்கா மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது. பெர்னதத்தின் காதருகே குனிந்தாள்.

"ஏண்டி, நான் வாய்க்கால் கரிசல்தான பூசுவேன். இந்தச் செம்மண்ணுக்கு நீ எங்கடி போன?"