பட்டியலின் முதல் பெயர்

மார்ச் 11, காலை ஒன்பதரை மணி. மருத்துவக் கல்லூரியின் மூன்றாம் மாடி, வயிற்று நோய் ஆய்வகம். பேராசிரியரின் வயிற்றுப் புண் மருந்துக் கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை அன்று 1,312.

வெளியான முதல் ஏழு ஆண்டுகளில் 640. கடந்த ஓராண்டில் மட்டும் 672.

"பாத்தியா ஸ்லைடம்மா, சும்மா ராக்கெட் மாதிரி ஏறியிருக்கு!" திரையில் மேலேறிய கோட்டை அவர் விரலால் தடவினார். பதினொரு மணிக்கு இயக்குநர் பதவிக்கான நேர்காணல். போட்டியில் இருந்த மற்ற இருவரின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் அவர் இடுப்புக்குக்கூட வராது.

ஸ்லைடம்மா அச்சடித்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடந்த ஓராண்டில் மேற்கோள் காட்டிய ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்கமும் கோப்பில் இருக்க வேண்டும் என்பது தேர்வுக் குழுவின் விதி. இரண்டு பக்கமும் அச்சடித்தும் கோப்பு தலையணை கனம் இருந்தது.

அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். திறக்கவில்லை.

பத்தொன்பது ஆண்டுகளாக அவள் செய்வது ஒரே வேலை. நோயாளியின் வயிற்றிலிருந்து கிள்ளி எடுத்த சதைத் துணுக்கைக் கண்ணாடித் தகட்டில், அதாவது ஸ்லைடில், ஒட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது. அதனால் எல்லோருக்கும் அவள் ஸ்லைடம்மா. அந்தக் கட்டுரைக்கான 412 தகடுகளையும் பார்த்தவள் அவள்தான். அவற்றில் அறுபத்தொன்றில் துணுக்கு போதவில்லை. "எதுவும் சொல்ல இயலாது" என்று எழுதிக் கொடுத்தாள்.

அவர் அந்த அறுபத்தொன்றையும் புண் ஆறியவர்கள் கணக்கில் சேர்த்தார்.

அவள் அவர் அறைக்குள் போய்க் கேட்டாள். மறுவாரம் ஆசிரியர் பட்டியலில் மூன்றாவதாக இருந்த அவள் பெயர் காணாமல் போனது. கட்டுரையின் கடைசி வரியில், "சாயமேற்ற உதவிய ஊழியர்களுக்கு நன்றி."

பெயர் போனதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். ஆனால் அந்த அறுபத்தொரு பேரில் ஒன்பது பேர் புற்றுநோயோடு திரும்பி வந்தார்கள். அந்தத் துணுக்குகளும் அவள் மேசைக்குத்தான் வந்தன.

"முதல்ல எதை வெச்சிருக்க?" என்று பேராசிரியர் கேட்டார்.

கோப்பின் மேல் இணைத்திருந்த பட்டியலை அவள் நீட்டினாள். ஆசிரியர் பெயர், இதழின் பெயர், அவ்வளவுதான். முதல் வரியில் இருந்த இதழின் பெயரைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது. அதில் ஒரு கட்டுரை வர அவர் இருபது ஆண்டுகளாகத் தவம் கிடந்தவர்.

"அடேங்கப்பா! இவங்களே நம்மள சொல்லியிருக்காங்களா? யாரும்மா இந்த அம்மா? கேள்விப்படாத பேரா இருக்கே."

"தெரியலையா சார்?"

"வெளிநாட்டுல செட்டிலான யாராவது இருக்கும். முதல்லயே இருக்கட்டும், நல்லா கண்ணுல படணும்." கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டார். "நான் டைரக்டரானதும் உன் பேரையும் ஒரு கட்டுரையில சேத்து விடறேன், போ."

"உங்க பெரிய மனசு சார்."

அந்த இதழிலிருந்து போன ஆண்டு அவருக்கு மூன்று மின்னஞ்சல்கள் வந்தன. உங்கள் கட்டுரையைப் பற்றி ஒரு மறுப்பு வந்திருக்கிறது, பதில் சொல்கிறீர்களா என்று. தலைப்பைப் பார்த்துவிட்டு, "என்னைக் கேள்வி கேக்குற அளவுக்கு எவன் வளந்துட்டான்?" என்று மூன்றையும் திறக்காமலே அழித்தார். அப்போதும் அவள் இதே மேசைக்கு எதிரில்தான் நின்றிருந்தாள்.

மறுப்பு வெளியானது. அறுபத்தொரு தகடுகளின் படங்களோடு, ஒன்பது பேரின் முடிவோடு. அதன்பின் ஆய்வு எப்படிச் செய்யக் கூடாது என்று எழுதிய ஒவ்வொருவரும் பேராசிரியரின் கட்டுரையை எடுத்துக்காட்டினார்கள். மேற்கோளை எண்ணும் இயந்திரத்துக்குப் புகழ்ச்சியும் ஒன்றுதான், ஏச்சும் ஒன்றுதான். கோடு ஏறியது.

பத்தே முக்காலுக்கு அவர் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். அவள் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து அன்றைய தகடுகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஐந்தாவது தகட்டில் இருந்தபோது கதவு திறந்தது. மணி பதினொன்று பதினேழு.

கோப்பு திறந்தபடி அவர் கையில் இருந்தது. முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயரையும், அதன் கீழே இதே ஆய்வகத்தின் முகவரியையும் தேர்வுக் குழுவில் யாரோ சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள்.

அவர் கோப்பை அவள் மேசையில் வைத்தார்.

"உன்... உங்க முழுப் பேரு என்னம்மா?"

அவள் கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்காமலே சொன்னாள்.