தண்ணீரில் வளைந்த வாள்

சங்கிலிமுத்து பட்டறை முதலாளியிடம் வாங்கியிருந்த முன்பணம் முப்பத்தேழாயிரத்து அறுநூறு ரூபாய். அது தீராதவரை தன்னை வேலையைவிட்டு அனுப்பமாட்டார்கள் என்பது ஒன்றுதான் அவருக்கிருந்த தெம்பு. ஜப்பான் மாதிரி வாள் கேட்டு ஆர்டர் வந்திருந்தது. வெட்டும் வாயோரம் மேகம் படிந்தாற்போல வெள்ளைக்கோடு ஓட வேண்டுமாம். பழைய லாரியின் வில்பட்டையை அடித்து எண்ணெயில் தோய்த்தால் வாள் வெடிக்காது, ஆனால் அந்தக் கோடு விழாது. கார்பன் எஃகின் முதுகில் களிமண் பூசித் தண்ணீரில் தோய்த்தால் கோடு விழும், வாள் தங்குவதுதான் சந்தேகம். ஏற்கெனவே இரண்டு வெடித்துப் போய்விட்டன.

“இதுவும் போச்சுன்னா?” என்றாள் துருத்தி சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி பேச்சியம்மாள்.

“போகட்டுமே. கடன்காரன வெரட்டுற மொதலாளி எந்த ஊர்ல இருக்கான்? நீ சுத்து.”

சிவக்கக் காய்ந்த வாளைத் தொட்டியில் இறக்கினார். தண்ணீர் அலறியது. அதுவரை நேராக இருந்த வாள் உள்ளே முதலில் தலைகுனிந்தது, பிறகு யாரோ மோவாயைத் தொட்டுத் தூக்கியதுபோல மெல்ல மேல்நோக்கி வளைந்தது. வெளியே எடுத்துத் துடைக்கும்போது, கண்ணாடி வளையல் உடைவதுபோல ஒரு சத்தம்.

வாசலில் நின்ற முதலாளிக்கும் அது கேட்டது. வந்து விரிசலை நகத்தால் தடவிப் பார்த்தார்.

“ரெண்டு வார்த்தை ஏசிருங்க மொதலாளி.”

“ஏசி என்னண்ணே ஆகப்போவுது? அந்த முன்பணத்த நான் தள்ளிட்டேன். நீங்க ஒண்ணும் தர வேண்டாம்.”

சங்கிலிமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “கடன் இருக்கட்டும் மொதலாளி. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“தீந்துபோச்சுண்ணே” என்றார் முதலாளி, நல்ல மனதோடுதான்.