இரண்டு கார்டு போடும் கேமரா

முப்பத்தெட்டு காசு. தான் எடுத்த ஒரு படம் ஒரு தடவை விற்றால் அவ்வளவுதான் கிடைக்கும் என்று வந்தவர் சொன்னதும், கேமரா கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முப்பத்தெட்டு காசு சம்பாதிக்க முக்கால் லட்சத்துல கேமராவா? நீங்கல்லாம் இருக்கறதாலதான் தம்பி என் பிழைப்பு ஓடுது!"

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். ஊர் ஊராகச் சுற்றிப் படம் எடுத்து, விளம்பரக்காரர்கள் வாங்கிக்கொள்ளும் இணையதளத்தில் போட்டு விற்பவர். தோளில் பயணப் பை, முகத்தில் மூன்று மாதத் தாடி. சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அதற்குள் நாலு தடவை சொல்லிவிட்டார்.

கடைக்காரர் உள்ளங்கை அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். "மிரர்லெஸ். உள்ள கண்ணாடி கிடையாது. லென்ஸோட சேர்த்து அரைக் கிலோ தேறாது. நாள் பூரா கழுத்துல கிடந்தாலும் வலிக்காது."

"சத்தமில்லாம எடுக்குமா?"

"உங்களுக்கே எடுத்தது தெரியாது."

"நூறு பேர் கூட்டம்னு வைங்க. அதுல தூரத்துல ஒரு முகம். பெருசாக்கிப் பார்த்தா யாருன்னு தெரியணும்."

"மச்சம்கூடத் தெரியும்."

"எத்தனை மெமரி கார்டு போடலாம்?"

"ஒண்ணு."

வந்தவர் கேமராவை மேஜையோடு திருப்பித் தள்ளினார். "ரெண்டு வேணும். எடுக்கறது ரெண்டுலயும் பதியணும். ஒண்ணுல அழிச்சாலும் இன்னொண்ணுல அப்படியே இருக்கணும்."

"அது கனமும் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி. கல்யாணம் எடுக்கறவங்கதான் ரெண்டு கார்டு கேப்பாங்க. மாப்பிள்ளை பொண்ணை மறுபடியும் கட்டிக்கச் சொல்ல முடியாது பாருங்க. நீங்க எடுக்கறது என்ன?"

"பஸ் ஸ்டாண்டு."

"அது எங்கயாவது ஓடிப் போயிடுமா?"

வந்தவர் சிரிக்கவில்லை. கடைக்காரர் முப்பது வருஷமாக ஆள் முகத்தைப் பார்த்து விலை சொல்பவர். குரலைத் தாழ்த்தினார்.

"யாரையோ தேடறீங்க. சரியா? கடன் வாங்கிட்டு கம்பி நீட்டிட்டானா?"

"தேடறது நெஜம். ஆனா கடன்காரன் நான்தான்."

கடன் கொடுத்தவனைத் தேடி அலைகிற கடன்காரனைக் கடைக்காரர் அதுவரை கண்டதில்லை. எதற்கும் ரொக்கமாகவே வாங்கிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்.

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"தெரியலண்ணே. ஒவ்வொரு ஊரா இறங்கி, பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தை எடுத்து வச்சுக்கணும். ராத்திரி ரூம்ல உட்கார்ந்து ஒவ்வொரு முகமாப் பார்க்கணும்."

பில் போடும் இடத்தில் இருந்த கடைக்காரரின் மனைவி எட்டிப் பார்த்தார். "அந்த முப்பத்தெட்டு காசுப் படத்தைக் கொஞ்சம் காட்டுங்க தம்பி. என்னதான் இருக்குன்னு பார்க்கலாம்."

வந்தவர் போனை நீட்டினார். காலை வெயிலில் ஒரு பஸ் ஸ்டாண்டு. கழுவி விட்டதுபோல் சுத்தம், மருந்துக்குக்கூட ஒரு மனுஷன் இல்லை. நடுவில் கதவைத் திறந்துகொண்டு ஒரு பஸ். நெற்றியில் ஊர்ப் பெயர் இல்லை, நம்பர் பலகையில் நம்பர் இல்லை.

"இது எங்க போகுதுன்னு டிரைவருக்காவது தெரியுமா?" என்றார் கடைக்காரர்.

"எழுத்து இருந்தா எடுத்துக்க மாட்டாங்கண்ணே. வண்டி நம்பர், ஊர்ப் பேரு, சம்மதம்னு கையெழுத்துப் போடாத ஆளு, ஒண்ணும் இருக்கக் கூடாது. ஒரு தட்டு தட்டினா கம்ப்யூட்டரே எல்லாத்தையும் அழிச்சுடும். அழியறது யாருன்னு நான் பார்க்கறதுகூட இல்ல. படம் சைட்டுக்குப் போனதும், அழிக்காத பழசையும் தூக்கிட்டு, அதே கார்டுல அடுத்ததை எடுத்துடுவேன்."

மனைவி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பஸ் படிக்கட்டுக்குக் கீழே விரல் நின்றது.

"இது என்ன தரையில? குடை நிழல். ஒரு பக்கம் கம்பி ஒடிஞ்சு தொங்குது பாருங்க. ஆமா, குடை எங்க?"

வந்தவர் போனை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நிழலை மட்டும் விட்டுடுச்சுக்கா."

கடைக்காரர் இரண்டு கார்டு போடும் கேமராவைக் கொண்டுவந்தார். விலையைக் கொஞ்சம் தூக்கியே சொன்னார், குறைப்பதற்கு இடம் வேண்டுமே. வந்தவர் குறைக்கச் சொல்லவில்லை. சொன்ன தொகையை அப்படியே எண்ணி வைத்தார். அதுதான் கடைக்காரருக்கு என்னவோ செய்தது. கேட்காமலே இன்னொரு பேட்டரியை எடுத்துப் போட்டார்.

"மூஞ்சியை இப்படி வச்சுக்காதீங்க தம்பி. அந்தப் படம் இதுவரைக்கும் எத்தனை போயிருக்கு?"

"நூத்திப் பன்னெண்டு."

"அடேயப்பா! அமோகமா ஓடுது. அப்புறம் என்ன கவலை?"

வந்தவர் இரண்டு கார்டுகளையும் கேமராவில் போட்டு, மூடியை அழுத்தி, மூடியதா என்று மறுபடியும் அழுத்திப் பார்த்தார்.

"அந்தக் குடையோட பஸ் ஏறினவருக்கு மறதி முத்திப்போச்சுண்ணே, வீட்டுக்குத் திரும்பி வர வழி தெரியாது. எந்த ஊர் பஸ்ஸுன்னு எழுதியிருந்ததையும் நானே அழிச்சுட்டேன். நூத்திப் பன்னெண்டு பேர்கிட்ட அந்தப் படம் இருக்கு. ஒருத்தர்கிட்டயும் எங்கப்பா இல்ல."