பெட்டி தட்டுகிறவன்

பசிபிக் போரை வென்றது எங்கள் சரக்குக் கப்பல்தான். மற்ற அமெரிக்கக் கப்பல்கள் குண்டு போட்டன. நாங்கள் பீன்ஸ் டப்பா போட்டோம். இதைச் சிரிக்காமல் சொன்னவன், எங்கள் கிரேன் ஓட்டி டெல்மர்.

மேல்தளத்தில் கொக்கி மாட்டுகிற ஆர்வில், இறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் உள்ளங்கையால் தட்டி, "பத்திரமாப் போய்ச் சேருடா ராசா" என்பான்.

"டேய், அது பீன்ஸுடா! உன் புள்ளையா பள்ளிக்கூடம் போகுது?" என்று கத்துவான் டெல்மர்.

"கரையில ஒருத்தன் பசியோட காத்திருக்கான்டா. மெதுவா இறக்கு."

ஜப்பானின் ஒகினாவா தீவுச் சண்டையின்போது சரக்கோடு கரைக்குப் போன ஆர்வில் அங்கேயே தங்கிவிட்டான்.

"வேலைக்கு டிமிக்கி குடுத்துட்டான் பாரு," என்றான் டெல்மர். அதன்பிறகு அவன் பீன்ஸைப் பற்றிப் பேசவே இல்லை.

போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து, ஆர்விலை ஊருக்குக் கூட்டிவரப் போனோம்.

சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்குத் திரும்பியதும், கொடி போர்த்திய எல்லாப் பெட்டிகளையும் டெல்மர் மெதுவாக இறக்கினான். ஆர்வில் பெயர் எழுதிய பெட்டி மேலே வந்ததும் கிரேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றினான். உள்ளங்கையால் பெட்டியைத் தட்டினான்.

"பத்திரமாப் போய்ச் சேருடா ராசா. கரையில உங்கம்மா காத்திருக்காங்க."