மூன்றாவது பிளக்

ஒர்க்‌ஷாப் கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக விழும் வெயில், அந்தப் பெரிய டீசல் காரின் திறந்த இன்ஜின் மீது காசளவு கிடக்கிறது. மலைச்சாலை வளைவில், வந்துகொண்டிருந்த லாரிக்கு முன்னால் இழுக்கும் சக்தி போய்த் திணறி நின்ற வண்டி இது. ஓட்டிவந்த அம்மா இன்னும் குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை. நான்கு சென்சார்கள் பழுது என்கிறது காரில் மாட்டியிருக்கும் ஸ்கேனர். மெக்கானிக் அண்ணன் நான்கு புது சென்சார் டப்பாக்களைப் பிரிக்கப் போகிறார். பழுதுபார்க்க விட்ட என் ஸ்கூட்டருக்காக ஓரமாகக் காத்திருக்கும் நானாக இருந்தால் நான்கையும் மாற்றிவிட்டுச் சாமியைக் கும்பிட்டிருப்பேன். "பொறுண்ணா," என்கிறாள் அவரோடு வேலை செய்யும் அவர் தங்கை. "நாலும் எப்படி ஒண்ணாச் சாகும்? நாலுக்கும் ஒரே லைன்லதான் கரண்ட் வருது. ஏதோ ஒண்ணு கெட்டுப்போய் மத்ததையும் அமுக்குது." இடுப்புவரை இன்ஜினுக்குள் கவிழ்ந்து, கண்ணுக்கு எட்டாத இடத்தில் விரல்களாலேயே தேடி ஒரு சென்சாரின் பிளக்கைக் கழற்றுகிறாள். "இப்போ?" "ம்ஹூம்," என்கிறார் ஸ்கேனரைப் பார்க்கும் அண்ணன். திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றுகிறாள். "இப்போ?" "ம்ஹூம்." மூன்றாவது, புகைக்குழாய் ஓரம் கரி படிந்து கிடப்பது. "இப்போ?" அண்ணன் ஸ்கேனரை அவள் பக்கம் திருப்புகிறார். செத்துக் கிடந்த மற்ற மூன்று சென்சார்களின் எண்களும் துள்ளி எழுந்திருக்கின்றன. ஒரே ஒரு டப்பாவைப் பிரித்து, கரி படிந்ததை எடுத்த இடத்தில் புதியதைப் பொருத்துகிறாள். இன்ஜின் கனமாக, சீராக முழங்குகிறது. அந்த அம்மாவின் கைகள் தளர்கின்றன. குழந்தை மடியிலிருந்து வழுக்கி இறங்கி ஓடுகிறது.