மாதிரி நகல்களுக்குச் சோறு

என் மகன் சேனாபதி, ஆட்களை நகலெடுக்கும் இயந்திரங்களை அலுவலகங்களுக்கு வாடகைக்கு விடும் விற்பனைப் பிரதிநிதி. போகுமிடமெல்லாம் தன்னையே ஒரு நகல் எடுத்துக் காட்டுவான். அந்த மாதிரி நகல்கள் பொழுது சாய்ந்ததும் கரைந்துவிடும். அதுவரை போக்கிடம் தெரியாமல், நினைவிலிருக்கும் ஒரே முகவரிக்கு வந்துவிடுகின்றன.

இன்று மஞ்சள் வெயிலில் வாசலில் நால்வர் நின்றார்கள். நால்வருக்கும் அவன் முகம், தளர்ந்த டை; "அப்பா" என்று கூப்பிட்டார்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"தொறக்காதீங்கப்பா. கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். அதெல்லாம் வெறும் டெமோ," என்றான் சேனாபதி, சாப்பிட்டுக்கொண்டே.

"என்னை அப்பான்னு கூப்பிட்டவனை வெளிய நிறுத்துற வீடு இல்லடா இது."

கதவைத் திறந்தேன். கால் கழுவிக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்கள் விரல்களின் வழியே தட்டின் விளிம்பு மங்கலாகத் தெரிந்தது.

"கரையப் போறவனுக்கு எதுக்குப்பா சோறு?"

"நீ நாளைக்கும் சாப்பிடுவே. அவங்களுக்கு இந்த ஒரு வேளைதான். எந்திரிச்சுப் பரிமாறு."

எழுந்தான். ரசம் ஊற்றும்போது முதலாமவன் தலை தூக்கி, "காலையிலேர்ந்து அலையிறியே, கால் வலிக்குதாடா?" என்றான்.

சேனாபதி ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்தான். தன் தட்டை எடுத்து வந்து அவனருகில் உட்கார்ந்தான்.