சுருட்டை ஆகாத மாமியார்

இஸ்திரிப் பெட்டி முதல் இழுப்பிலேயே சவுரியைக் கருக்கிவிட்டது.

நல்லவேளை, தலையில் இருந்த முடியை இழுக்கவில்லை. வாரும்போது உதிர்ந்ததைச் சேர்த்துக் கட்டிய சவுரிதான். ஆனாலும் அம்முலுவின் சொந்த முடி அல்லவா! பம்புசெட்டுக் கொட்டகை முழுக்கத் தீய்ந்த நாற்றம்.

"கரிப்பெட்டி வேணாம், தள்ளி வை. இத்தப் பாரு" என்று செல்லாயி அத்தை பையிலிருந்து ஒரு மிஷினை எடுத்தாள்.

பெரம்பூரில் வாழ்க்கைப்பட்ட அத்தை, மாடிவீட்டு டாக்டரம்மாவின் கையைக் காலைப் பிடித்து வாங்கி வந்தது. பார்க்க போலீஸ்காரன் துப்பாக்கி மாதிரி இருந்தது. சுவிட்சைத் தட்டினால் ஈர முடியைக் காய வைக்கும் சூட்டுக் காற்று வருமாம்.

அம்முலுவின் அப்பா கன்னியப்பன் கழனிக்குத்தான் முதலில் கரண்டு வாங்கினார். வீட்டுக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அதனால்தான் பெண் பார்க்க வரும் நாளில், பெண் மோட்டாருக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் தரகர் பஞ்சாட்சரம் வியாழக்கிழமை வந்து சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது.

"மத்தபடி ஒரு பேஜாரும் இல்ல. பையனோட அம்மாவுக்கு மட்டும் சுருட்டை கண்டா ஆவாது. அத்த மட்டும் பாத்துக்கோங்க."

அம்முலுவின் தலை பிறந்ததிலிருந்தே சுருட்டை. சாதாரணச் சுருட்டையா? உள்ளே போன சீப்பு திரும்பி வர யோசிக்கும்.

அன்று அவள் விக்கி விக்கி அழுதாள். பிடிக்காத மாப்பிள்ளை என்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். புள்ளலூர் சுப்பிரமணியை அவளுக்குப் பிடித்துத் தொலைத்திருந்தது. தை மாசம் இதே கொட்டகைக்குக் கம்பி இழுக்க வந்த லைன்மேன் அவன்தான். தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கம்பத்து மேலேயே குடியிருந்தான். ஒருநாள் மோர் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் தலையைப் பார்த்துச் சிரித்தான். அது கேலியா, ஆசையா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. கேலி செய்கிறவன் தரகரை அனுப்புவானா என்ன!

அழுகிற மகளுக்குக் கன்னியப்பன் ஒரு இழுப்பு இழுத்து, புகையை நிதானமாக விட்டு, புத்தி சொன்னார்.

"கல்யாணம்னா ஏதாவது ஒண்ண வுட்டுக் குடுக்கணும்மா. கேவலம் முடி, இதுக்கா அழுதுக்கினு கீற?"

அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மிஷினில் இரண்டு சூடு இருந்தது. அதையும் சவுரியிலேயே பார்த்தார்கள். பெரிய சூட்டில் முடி ஒரு நொடியில் நீண்டது, ஆனால் நுனியெல்லாம் தாளித்த கறிவேப்பிலை போல மொறுமொறுத்தது. சின்னச் சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சீப்பால் இழுத்துக்கொண்டே காட்டினால் முடி சமத்தாக நீண்டது. பளபளப்பும் போகவில்லை.

"இதுல பொழுது சாஞ்சிடுமேடி" என்றாள் அத்தை.

"சாயட்டும் அத்தை. முடி பொசுங்கிட்டா நீயா தருவ?"

மத்தியானம் வரை மிஷின் இரைந்தது. அத்தைக்குக் கை விட்டுப்போனது. கடைசியில் கண்ணாடியில் யாரோ ஒருத்தி தெரிந்தாள். அழகிதான். ஆனால் யாரோ ஒருத்தி. அம்முலுவுக்குத் தன் பின்னலைத் தொட்டுப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

சாயங்காலம் புள்ளலூர்க்காரர்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். அம்முலு வெற்றிலைத் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். மெல்ல நிமிர்ந்து பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சுப்பிரமணி தலையில் இன்று துண்டு இல்லை. அவளுடையதைத் தூக்கிச் சாப்பிடும் சுருட்டை!

அவனோ அவள் பின்னலைப் பார்த்து முழித்தான். பிறகு, வேறு பெண் யாராவது உள்ளே இருந்து வருகிறாளா என்று அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அம்முலுவுக்குப் பாவி மனசு உடைந்தே போனது. போதாக்குறைக்கு வியர்வையில் நெற்றியோரம் ஒரு முடி கட்டறுத்துக்கொண்டு சுருண்டது.

அந்த நேரம் பார்த்துப் பையனின் அம்மா இருமினாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாங்க இது? தரகர் கையில படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பிச்சேனே, சுருட்டை கண்டா எனக்கு ஆவாதுன்னு!"

அம்முலு சட்டென்று நெற்றி முடியைக் கையால் மூடினாள்.

ஆனால் அந்த அம்மாள் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் முறைத்தது எதிரே உட்கார்ந்திருந்த சம்பந்தியை. விருந்தாளிகள் வந்த சந்தோஷத்தில் கன்னியப்பன் இருப்பதிலேயே தடியான சுருட்டாகப் பார்த்துப் பற்றவைத்துக்கொண்டு, கூடம் முழுக்கப் புகை விட்டுக்கொண்டிருந்தார்.

"அட கடவுளே" என்று செல்லாயி அத்தை தன் வலிக்கிற தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கன்னியப்பன் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். கீழே போட மனசு வரவில்லை. அதையும் சம்பந்தியம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் பரிதாபமாக மகளைப் பார்த்தார்.

அம்முலு நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். வெற்றிலை கொடுக்கிற சாக்கில் குனிந்து, அவர் காதோடு சொன்னாள்.

"கல்யாணம்னா ஏதாவது ஒண்ண வுட்டுக் குடுக்கணும் நைனா."